ஹோட்டல் வேலையில் இளசுகள் ஏன் தங்குவதில்லை? மும்பைக்காரர்களே, கண்டதைச் சொல்லுங்கள்

சஹார் ரோடு டிரெய்னர்

விமான நிலையத்தை ஒட்டிய ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலில் டிரெய்னிங் பார்க்கிறேன். ஊர் விருதுநகர் பக்கம், மும்பைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. புதிதாகச் சேரும் பையன்களுக்கும் பெண்களுக்கும் தட்டு பிடிக்கவும் படுக்கை விரிக்கவும் சொல்லிக்கொடுப்பது என் வேலையில் பாதி. அவர்கள் போன பிறகு அதே பாடத்தை அடுத்த கூட்டத்துக்கு முதலிலிருந்து நடத்துவது மீதிப் பாதி.

எச்.ஆர். நீட்டும் எக்ஸிட் இன்டர்வியூ படிவத்தில் எல்லாரும் 'பெட்டர் ஆப்பர்ச்சூனிட்டி' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வேறு எதை எழுதுவார்கள்? எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்க வேண்டுமே. அதனால் அந்தப் படிவத்தை நான் பார்ப்பதே இல்லை. போனவர்களை வெளியே எங்காவது சந்தித்தால் ஒரு கட்டிங் சாயா வாங்கிக் கொடுத்து, "போகணும்னு எந்த நாள் முடிவு பண்ணே?" என்று கேட்பேன். அப்போதுதான் கதை வரும்.

ஒன்று சொல்கிறேன். விருந்து விசேஷங்களுக்குப் பரிமாறும் பேங்க்வெட்டில் ஒரு பையன் இருந்தான். தாராவி 90 அடி சாலைப் பக்கம் வீடு. அக்கா நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த உடனேயே லீவு எழுதிக் கொடுத்துவிட்டான். யாருக்கு எந்த நாள் எந்த ஷிப்ட் என்று சொல்லும் ரோஸ்டர் வழக்கம்போல் ஞாயிறு இரவு வாட்ஸாப்பில் வந்தது. அவன் பெயருக்கு நேரே, நிச்சயதார்த்த நாளில் பிரேக் ஷிப்ட். போய்க் கேட்டதற்கு, கல்யாண சீசனில் யாருக்கும் லீவு கிடையாது என்று பிரீஃபிங்கில் எல்லார் முன்னாலும் பதில். அன்றைக்கு அவன் வேலைக்கு வந்தான். யாரோ ஒருவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குத்தான் பரிமாறினான். அடுத்த சம்பளம் கணக்கில் விழுந்தது, மறுநாளிலிருந்து ஆளைக் காணோம். இப்போது பத்து நிமிட டெலிவரி ஆப் ஒன்றில் வண்டி ஓட்டுகிறான். வருமானம் கூடியிருக்கிறதா என்று கேட்டேன். "பெட்ரோல் போக கிட்டத்தட்ட அதேதான் அண்ணா. ஆனா ஆப்பை ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போகலாம்" என்றான்.

பிரேக் ஷிப்ட் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: காலை பதினொன்றுக்கு வந்து மூன்று மணி வரை லஞ்ச். அப்புறம் நான்கு மணி நேரம் இடைவெளி. ஏழிலிருந்து பதினொன்றரை வரை டின்னர். தாளில் எட்டரை மணி நேர வேலைதான். டோம்பிவிலியிலிருந்து வருகிறவன் அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியுமா? லாக்கர் ரூம் பெஞ்சில் படுத்துக் கிடப்பான். இரவு வேலை முடிந்து கடைசி லோக்கலைப் பிடிக்க ஓட்டம். அது போய்விட்டால் விடியற்காலை நான்கு மணிக்கு மேல்தான் வண்டி. அக்வா லைன் மெட்ரோ 2025 அக்டோபரில் கஃப் பரேட் வரை முழுதாகத் திறந்தபோது, சஹார் ரோட்டிலேயே ஸ்டேஷன் என்று எங்கள் ஆட்கள் குதித்தார்கள். அதில் கடைசி வண்டி இரவு பத்தரை வாக்கில். எங்கள் டின்னரில் அப்போதுதான் டெஸர்ட் போய்க்கொண்டிருக்கும்.

என் கட்சி இதுதான்: சம்பளம் இரண்டாம் இடம், ரோஸ்டர் முதல் இடம். மறுப்பவர்கள் வரலாம். ஹோட்டல் பெயர் மட்டும் யாரும் போட வேண்டாம்.

லோயர் பரேல் கேப்டன்

நான் மறுக்கிறேன் சார். காசுதான்.

நான் மேஜையில் பரிமாறும் ஸ்டூவர்டாகச் சேர்ந்த காலத்தில் சம்பளம் சுமார்தான், ஆனால் டிப்ஸும் சர்வீஸ் சார்ஜ் பங்கும் சேர்ந்தால் மாதம் ஓடிவிடும். இன்றைக்கு கெஸ்ட் போனை நீட்டி கியூஆரை ஸ்கேன் செய்து எழுந்து போகிறார். பில் ஃபோல்டரில் மிச்சச் சில்லறை விடும் பழக்கமே செத்துவிட்டது. சர்வீஸ் சார்ஜ் கதை உங்களுக்குத் தெரியும். அதைத் தானாக பில்லில் ஏற்றக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. டெல்லி உயர் நீதிமன்றம் அதே மாதம் இடைக்காலத் தடை போட்டது. 2025 மார்ச்சில் தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் வந்தது. வாடிக்கையாளர் கோணத்தில் அது நியாயம்தான், நானும் குடும்பத்தோடு வெளியே சாப்பிடப் போகிறவன். ஆனால் அந்தப் பணம் எங்கள் கைக்கு வருவது நின்றபோது அடிப்படைச் சம்பளத்தை யாராவது ஏற்றினார்களா? நான் வேலை பார்த்த இடத்தில் ஏற்றவில்லை. அது வந்துகொண்டிருந்த காலத்திலும் 'பிரேக்கேஜ்', அதாவது உடைந்த தட்டு டம்ளர் கணக்கு, என்று ஒரு பகுதியை நிர்வாகம் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தைக் கொடுத்தது.

என் டீமில் சயான் கோலிவாடா பையன் ஒருத்தன். மூன்று மாதம் கழித்து வரும் கெஸ்ட்டுக்குக்கூடப் போன தடவை என்ன குடித்தார் என்று சொல்லுவான். அப்படி வந்த ஒருவர், சாப்பிட்டு முடித்து அவனிடமே சம்பளத்தைக் கேட்டார். தொகையைக் கேட்டதும் கார்டை எடுத்துக் கொடுத்தார். பையன் இப்போது அவருடைய கார் ஷோரூமில் இருக்கிறான். "போகட்டுமா அண்ணா?" என்று கேட்டான். நிறுத்திவைத்து நான் என்ன தரப்போகிறேன், போ என்றேன்.

செம்பூர் பொண்ணு

நான் போனவர்களில் ஒருத்தி. தாதர் கேட்டரிங் காலேஜில் படித்தேன். 1954இல் தொடங்கியது, நாட்டிலேயே பழைய ஹோட்டல் கல்லூரிகளில் ஒன்று. என் வகுப்பில் இன்னும் ஹோட்டலில் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிறையப் பேர் டிரெய்னிங் செமஸ்டரிலேயே மனசை மாற்றிக்கொண்டார்கள். டிரெய்னி என்று பெயர், ஆனால் ஆள் இல்லாத இடத்தையெல்லாம் அடைக்கும் ஆள். கற்றுக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது, திட்டுவதற்கு மட்டும் எல்லாருக்கும் இருக்கும்.

அப்படியும் நான் ஃபிரன்ட் ஆபீஸில் சேர்ந்தேன், ஏனென்றால் எனக்கு அந்த வேலை பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். டிரெய்னர் சார் கேட்ட 'எந்த நாள்' என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். நைட் ஷிப்ட், இரண்டு மணி இருக்கும். லாபியில் ஒரு கெஸ்ட், குடித்திருந்தார், டெஸ்க்கில் சாய்ந்துகொண்டு நம்பர் கேட்டுக்கொண்டே நின்றார். பின்னால் அறையில் டூட்டி மேனேஜர் இருந்தார். கூப்பிட்டேன். எட்டிப் பார்த்துவிட்டு, "ரெகுலர் கெஸ்ட்மா, சிரிச்சு சமாளி" என்று உள்ளே போய்விட்டார். ஷிப்ட் முடிந்து குர்லாவில் ஹார்பர் லைனுக்கு மாறும்போதே பயோடேட்டாவைத் திருத்த ஆரம்பித்துவிட்டேன்.

பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. வெளியாட்களால் வரும் தொல்லையிலிருந்தும் காப்பது முதலாளியின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. ஸ்டாஃப் நோட்டீஸ் போர்டில் கமிட்டி உறுப்பினர் பெயர்களை ஒட்டியும் வைத்திருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நோட்டீஸ் போர்டு எழுந்து வருமா?

இப்போது ஐரோலியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி பேக் ஆபீஸ். சனி ஞாயிறு லீவு. போரடிக்கிறது, ஆனால் அம்மா தூங்குகிறார்.

மாட்டுங்கா கல்லா

பெரிய ஹோட்டல் விஷயம் எனக்குத் தெரியாது. எங்களுடையது டிபன் கடை. அப்பா ஆரம்பித்தது, இப்போது கல்லாவில் நான்.

அப்பா காலத்தில் பையன்கள் திருநெல்வேலி, பாலக்காடு, உடுப்பிப் பக்கமிருந்து வருவார்கள். கடையிலேயே சாப்பாடு, பரணில் படுக்கை. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஆளை விடுவார் அப்பா, இரவுப் பள்ளிக்கு. இந்த ஊரில் இரவுப் பள்ளி பெரிய சங்கதி. ஃபோர்ட் பக்கம் கன்னடச் சங்கங்கள் நடத்திய பள்ளிகளில் தட்டு கழுவிய கையோடு போய் எஸ்.எஸ்.சி. எழுதியவர்கள் ஏராளம். பாங்க் வேலைக்குப் போனவர்கள் உண்டு, சொந்தமாக ஹோட்டல் போட்டவர்கள் உண்டு. படிக்கவிட்டால் போய்விடுவான் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் அப்பாவிடம் சொல்வார்களாம். "போகத்தான் செய்வான். பரீட்சை எழுதற வரைக்கும் நிப்பானில்ல?" என்பது அப்பாவின் கணக்கு. கறாரான வியாபாரக் கணக்குதான், தர்மம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ஒடிசா, அசாம், நேபாளப் பையன்கள். பள்ளிக்கூடமெல்லாம் யாருக்கும் வேண்டாம், போன் போதும். ஊருக்குப் பண்டிகைக்குப் போனால் திரும்ப மாட்டார்கள் என்பதுதான் எங்கள் தலைவலி. பாதிப் பேர் வேண்டுமென்றே தங்கிவிடுவதில்லை. டிக்கெட் கிடைக்காது, பத்து நாள் தள்ளும், அதற்குள் சூரத்திலோ ஹைதராபாத்திலோ யாராவது இழுத்துக்கொள்வார்கள். ரயில்வே முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள் ஆகிவிட்டது, முன்பு 120. நான் போகிற டிக்கெட்டையும் வருகிற டிக்கெட்டையும் திறந்த அன்றே சேர்த்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் செலவு. ஸ்லீப்பர் டிக்கெட் காசு, புது ஆளைத் தேடி அலைவதோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. சேர்ந்த பையனை வருடக்கணக்கில் மேஜை துடைக்கவே விட்டால் போய்விடுவான். சீக்கிரமே தோசைக்கல்லுக்கு ஏற்றிவிட வேண்டும். கஞ்சம் ஜில்லாப் பையன் ஒருத்தன், தமிழ் பேசத் தெரியாது, ரவா தோசை ஊற்றினால் எங்கள் பழைய மாஸ்டரே நின்று பார்ப்பார். கல்லில் நிற்கிறவனுக்கு ஒரு மிடுக்கு வருகிறது, அவனை 'ஏய் சோட்டு' என்று யாரும் கூப்பிட முடியாது.

அதற்காக எல்லாம் சுபம் என்று இல்லை. அவனையும் போன தீபாவளிக்கு டெலிவரிக்கு மட்டும் சமைக்கும் அந்தேரி கிளவுட் கிச்சன் ஒன்று கேட்டிருக்கிறது. எவ்வளவு நாளைக்கோ.

டெக் ஏழு

கப்பலில் இருந்து எழுதுகிறேன், நெட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் சுருக்கமாக.

உங்கள் ஹோட்டல்களில் இரண்டு வருடம் நிற்கும் பையன்களில் பலர் எதற்கு நிற்கிறார்கள் தெரியுமா? குரூஸ் இன்டர்வியூவுக்கு நட்சத்திர ஹோட்டல் அனுபவம் கேட்கிறார்கள். நானும் அதற்குத்தான் நின்றேன். எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற கப்பல் பாதுகாப்பு கோர்ஸ், சி.டி.சி. என்ற கடலோடி அடையாளப் புத்தகம், கப்பல் ஊழியர்களுக்கான அமெரிக்க சி1/டி விசா, எல்லாம் டூட்டிக்கு நடுவில் ஓடி ஓடி முடித்தேன். என் செஃப்புக்குத் தெரியும். மறைக்க வேண்டாம், சர்ட்டிஃபிகேட் கிளாஸ் நாளைச் சொல்லு, ஆஃப் போட்டுத் தருகிறேன் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் கிளம்ப நினைத்ததைவிட ஒரு சீசன் கூடுதலாக நின்றேன்.

படிக்கிற தம்பிகளுக்கு: டி.ஜி. ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் வேலை வாங்கித்தர உங்களிடம் காசு வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மேனேஜர்களுக்கு ஒரு கேள்வி. நாலைந்து கான்ட்ராக்ட் முடித்து, கல்யாணம் ஆகி, கரையிலேயே இருக்கலாம் என்று திரும்புகிறவனுக்கு ஏன் திரும்பவும் கமி, அதாவது கிச்சனில் கீழ்நிலை சமையல்காரர், சம்பளத்தில் ஆஃபர் கொடுக்கிறீர்கள்? ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைத்த கை அது.

எட்டாவது மாடி அக்கா

ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், அந்தேரி கிழக்கு. நீங்கள் எல்லாரும் கெஸ்ட் முகம் பார்க்கும் வேலையைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்களிடம் வரும் பிள்ளைகள் முகமே யாருக்கும் தெரியாது.

ரூம் அட்டெண்டன்ட்டுக்கு ஷிப்ட்டுக்குப் பதினான்கு அறை. செக் அவுட் அறை என்றால் மெத்தை தூக்கி, பாத்ரூம் தேய்த்து, முக்கால் மணி நேரம்கூட ஆகும். புதுப் பெண்ணுக்கு மூன்றாம் நாளே பதினான்கைக் கொடுத்தால் பத்தாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருப்பாள். நான் முதல் வாரம் ஆறு அறைதான் கொடுப்பேன், அதுவும் பழைய ஆளோடு ஜோடியாக. மேலே இருப்பவர்களோடு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். இன்னும் போடுகிறேன்.

அதைவிடப் பெரிய சண்டை வீடுகளோடு. தாராவி, ஆன்டாப் ஹில் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் 'ஹோட்டல் வேலையா?' என்று கேட்கும் தொனி இருக்கிறதே, அது இன்னும் மாறவில்லை. மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வது என்பார்கள். ஒரு பெண்ணின் அப்பா, முன்பு தோல் பட்டறையில் இருந்தவர், மகளைக் கூட்டிப்போகவே வந்துவிட்டார். கேட்டில் நிறுத்திவைக்காமல், செக்யூரிட்டியிடம் சொல்லி உள்ளே கூட்டி வந்தேன். லாபி பக்கம் போகவில்லை. டைம் ஆபீஸ், பெண்கள் லாக்கர் ரூம் வாசல், லாண்டரி, ஸ்டாஃப் கேன்டீன் என்று காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எம்பொண்ணு எந்த வாசல் வழியா வெளிய வரும்?" காட்டினேன். அங்கிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்து பார்த்துவிட்டு வந்து, கேன்டீனில் டீ குடித்துவிட்டுப் போனார். அந்தப் பெண் இன்றைக்கும் என் மாடியில்தான் இருக்கிறாள். அதற்கப்புறம் சேருகிற ஒவ்வொரு பெண் வீட்டையும் முதல் வாரத்திலேயே கூப்பிட்டுவிடுகிறேன்.

சஹார் ரோடு டிரெய்னர்

அக்கா, இதைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது. 26/11 தாக்குதலில் தாஜ் ஊழியர்கள் கெஸ்ட்டுகளை விட்டு ஓடாமல் நின்றது ஏன் என்று ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 2011 டிசம்பரில் ஒரு கட்டுரை போட்டது. அவர்கள் சென்னையைவிடத் திருச்சி, கோவை மாதிரி ஊர்களிலிருந்து ஆள் எடுக்க விரும்புகிறார்கள், மற்ற இடங்களில் பன்னிரண்டு மாதம் தரும் பயிற்சியைப் பதினெட்டு மாதம் தருகிறார்கள் என்று அதில் வரும். எங்கள் மேலிடம் அதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டது. சின்ன ஊரில் ஆள் எடு என்றார்கள், எடுத்தோம். பயிற்சிக் காலத்தை நீட்டலாமா என்று கேட்டேன், பட்ஜெட் இல்லை.

எட்டாவது மாடி அக்கா

ஊர்ப் பையன் என்றால் போக்கிடம் இல்லை, நிற்பான் என்று கணக்குப் போடுகிறார்கள் சார். அவனுக்கும் போன் இருக்கிறது.

யாத்திரை டூர், சயான்

சுற்றுலாப் பக்கம் யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நம் ஊரிலிருந்து வருகிறவர்களை ஷீரடி, சனி சிங்கனாப்பூர், த்ரியம்பகேஷ்வர் என்று கூட்டிப்போகும் சின்ன ஆபீஸ். மும்பை ஒரு நாள் என்றால் கேட்வே, எலிஃபண்டா. திங்கட்கிழமை எலிஃபண்டா மூடல் என்பதை எத்தனை தடவை சொன்னாலும் பார்ட்டிகளுக்கு மண்டையில் ஏறாது, அது வேறு கதை.

கூட அனுப்ப டூர் எஸ்கார்ட் பையன்கள் வேண்டும். தமிழ், இந்தி, மராத்தி மூன்றும் பேசுகிற மும்பைத் தமிழ்ப் பையன்களைவிட இதற்குப் பொருத்தமான ஆள் கிடையாது. சீசனில் பறப்பார்கள். ஜூன் வந்தால் மழை, கடல் கொந்தளித்தால் படகு இல்லை, பார்ட்டி இல்லை, நாள் கூலி இல்லை. செப்டம்பரில் போன் போட்டால் எடுக்க மாட்டார்கள். ரோஸ்டருக்கே வழியில்லாத தொழில் எங்களுடையது.

இரண்டு மழைக்காலமாக, நல்ல பையன்கள் நான்கு பேருக்கு மட்டும் பாதிச் சம்பளம் போட்டு வைத்துக்கொள்கிறேன். சும்மா இல்லை. நாசிக், த்ரியம்பக் லாட்ஜ்களை நேரில் போய்ப் பார்ப்பது, பஸ்காரர்களிடம் ரேட் பேசுவது எல்லாம் அவர்கள் வேலை. 2027 கும்பமேளாவுக்கு இப்போதே அறை பேசிவைக்க வேண்டியிருக்கிறது. நான்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லாருக்கும் செய்ய எனக்குத் தெம்பு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப்டன் சொல்வதில் பாதி உண்மை, வெறும் பாசத்துக்கு யாரும் நிற்க மாட்டார்கள்.

டிரெய்னர் சார், உங்கள் ரோஸ்டர் விஷயத்தில் ஏதாவது செய்து பார்த்தீர்களா, இல்லை எங்களைத்தான் கேட்கிறீர்களா?

சஹார் ரோடு டிரெய்னர்

செய்கிறோம், ஒரே ஒரு ரெஸ்டாரன்ட்டில். இரண்டு வார ரோஸ்டர் முன்கூட்டியே ஒட்டப்படும். தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், கேப்டன் கையெழுத்து போதும், மேனேஜர் வரை போக வேண்டாம். வீட்டு விசேஷம் என்று வருடத்துக்கு இரண்டு நாள் அவர்களே குறிக்கலாம், அதில் யாரும் கை வைக்கக் கூடாது. பிரேக் ஷிப்ட் ஒருத்தருக்கு வாரத்தில் இரண்டுக்கு மேல் கிடையாது. அந்த டீமில் இந்தக் கல்யாண சீசனில் போனவர்கள் குறைவு. பேங்க்வெட் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. அந்த ரோஸ்டர் எக்ஸெல் தாள் வேண்டும் என்பவர்களுக்கு இன்று இரவு அனுப்புகிறேன்.

செம்பூர் பொண்ணு

அனுப்புவதற்கு முன் ஒரு கட்டம் சேருங்கள் சார். நைட் டிராப் வண்டியில் கடைசியாக இறங்குவது யார் என்று. தனியாக ஒரு பெண் கடைசியில் வரக் கூடாது. ரோஸ்டர் போடும்போதே தெரிந்தால் வண்டி ரூட்டை மாற்றலாம். ராத்திரி பன்னிரண்டரைக்கு டிரைவரிடம் போய்க் கெஞ்ச வேண்டியிருக்காது.

சஹார் ரோடு டிரெய்னர்

சேர்த்தாயிற்று. லாபி டூட்டி மேனேஜர் பெயருக்கும் போன் நம்பருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.